தலைமாட்டுக் கயிறு

ஓர்மனிஷ், தெற்கு யூயிஸ்ட் தீவு
1974 மார்ச் 10

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் கோவல்தா ரூரிக்கு, பிரெண்டன் எழுதுவது. நானும் முயிமெயும் நலம். வான்கூவரில் நீயும் டோரீனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

முயிமெயின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. உன்னைப் பெற்று என்னை வளர்த்தவள் எண்பத்துநாலு வயதிலும் கோழிக்கூடு வரைக்கும் தனியாகப் போய்வருகிறாள். நான் போகிறேன் என்றால், "கோழி உன்னையா கூப்பிடுது, என்னையில்ல கூப்பிடுது" என்கிறாள். உடம்புக்கு ஆன வயது வாய்க்கு மட்டும் ஆகவில்லை. கறுப்புப் பசு போன வாரம் ஆலங்கட்டி மழைக்கு நடுவில் கன்று போட்டது. கிடாரிக் கன்று. இந்த வருஷம் கடற்பாசி நிறைய ஒதுங்கியிருக்கிறது, உருளைக்கிழங்கு நிலத்துக்கு உரமாக லாக்லனும் நானும் டிராக்டரில் அள்ளிக் கொட்டிவிட்டோம். பக்கத்து வீட்டு லாக்லன் இப்போது சாதாரண ஆள் இல்லை, மேய்ச்சல் கமிட்டிக்குச் செயலாளர். பதவி வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை எல்லா நாளும் போட்டுக்கொண்டு திரிகிறான்.

போன மாதம் எடின்பரோ பல்கலைக்கழகத்திலிருந்து ஷீனா என்று ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, தோளில் டேப் ரிக்கார்டர். நம் கேலிக் மொழியில் உறவுகளுக்கு என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்கிறாளாம். பாதிரியார்தான் நம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். முயிமெ புது ஏப்ரன் கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்து, எய்ரிக் மெக்லெல்லன் என்று முதலில் தன் பெயரைச் சொன்னாள். பெரியப்பா, சித்தி, மச்சினி, மருமகன் என்று ஒவ்வொரு உறவாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஓர் ஆளை உதாரணம் காட்டி, அந்த ஆளின் வண்டவாளத்தையும் சேர்த்தே சொன்னாள். அந்தப் பெண் எதையெல்லாம் அழிக்கப்போகிறாளோ தெரியாது.

கடைசியில் என்னைக் காட்டி, "இவர் உங்க மகனா?" என்று கேட்டாள். "இவன் என் தல்தா. என் மகன் ரூரிக்குக் கோவல்தா" என்றாள் முயிமெ. அந்தப் பெண் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "இந்தச் சொல்லை நான் புஸ்தகத்துலதான் பார்த்திருக்கேன். ஒருத்தர் பேச்சோட பேச்சா சொல்லி இப்பதான் கேக்கிறேன். என்ன அர்த்தம்னு நீங்களே சொல்லுங்களேன்" என்றாள். முயிமெ மெஷினுக்குக் காது கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ, குனிந்து சத்தமாகச் சொன்னாள்: "தல்தான்னா நான் பெறாம வளர்த்த பிள்ளை, அவனுக்கு நான் முயிமெ. பெத்த பிள்ளையும் வளர்த்த பிள்ளையும் ஒருத்தருக்கொருத்தர் கோவல்தா. இதுல என்ன இருக்கு?"

என்னவோ இருக்கிறதாம். அந்தச் சொல்லின் வேர் 'அல்' என்றாள் ஷீனா. உணவு கொடுத்து வளர்ப்பது என்று பொருளாம், மிகப் பழைய வேராம். முன்னால் உள்ளது 'கூட' என்று அர்த்தம் தரும். ஆக, கோவல்தா என்றால் கூடச் சேர்ந்து ஊட்டப்பட்டவன். பெற்றதைப் பற்றியோ ரத்தத்தைப் பற்றியோ அதில் ஒன்றுமே இல்லையாம். முயிமெ ஏப்ரன் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு, "நான் ஊட்டினேன்னு எனக்கே சொல்லத்தான் எடின்பரோலருந்து கப்பலேறி வந்தியா பொண்ணே?" என்றாள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பு டேப்பில் இருக்கும்.

பழைய காலத்தில் குலத்தலைவர்கள் பெற்ற பிள்ளைகளை இன்னொரு வீட்டில் விட்டு வளர்ப்பார்களாம். அப்படிச் சேர்ந்து வளர்ந்த கோவல்தாக்கள் உடன்பிறந்தவனை விட்டுக்கொடுத்தாலும் ஒருவரை ஒருவர் விடமாட்டார்களாம். அயர்லாந்தின் பழைய சட்டத்தில் இந்த வளர்ப்பில் இரண்டு வகை சொல்லியிருக்கிறதாம். கூலிக்கு வளர்ப்பது ஒன்று, பாசத்துக்கு வளர்ப்பது ஒன்று. "உங்க வீட்டுல எது?" என்று கேட்டாள். "கிளாஸ்கோ ஆபீஸ்லருந்து மாசாமாசம் பணம் வந்துச்சு, பூட்ஸும் வந்துச்சு. ஆனா எந்த வகைன்னு அன்னிக்கு யாரு யோசிச்சா? ஆறு வயசுப் பிள்ளை பசிக்குதுன்னு நின்னான். கெழங்கு வெந்துருந்துச்சு" என்றாள் முயிமெ.

பூட்ஸ் என்று பேச்சு வந்ததும் உன் கதையை நான் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும். தாய் தகப்பன் இல்லையென்று கிளாஸ்கோ ஆபீஸ் தீவு வீடுகளில் வளர்க்க அனுப்பிவைத்த எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி பூட்ஸ், அடியில் இரும்பு ஆணி. ரோட்டில் நடந்தால் அடுத்த ஊருக்குக் கேட்கும். பள்ளிக்கூடத்தில் அதை வைத்தே, "அனுப்பி வெச்ச பையன் வர்றான்" என்பார்கள். ஒரு நாள் காலை நீ என் இடது கால் பூட்ஸை வாங்கிப் போட்டுக்கொண்டு உன் இடது கால் பூட்ஸை எனக்குக் கொடுத்தாய். இரண்டு பேரும் ஒரு காலில் சத்தத்தோடும் ஒரு காலில் சத்தமில்லாமலும் நடந்து போனோம். அந்த வருஷம் முழுக்க அப்படித்தான் நடந்தோம். கிளாஸ்கோ ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத் திட்டினபோது, "எது எதுன்னு மறந்துபோச்சு சார்" என்றாய். ஷீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

இவ்வளவு நீளமாக எழுதியது அடுத்ததை எழுத மனம் வராமல்தான். போன ஞாயிறு பூசை முடிந்து வந்தால் நம் தொழுவத்தில் ஒரு தம்பதி டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். வில்காக்ஸ் என்று பெயர், பர்மிங்ஹாம்காரர்கள். தொழுவத்தில் சூளை வைத்து மண்பாண்டம் செய்யப்போகிறார்களாம். நீ நிலத்தையும் வீட்டையும் அவர்கள் பெயருக்கு மாற்றிக்கொடுக்கச் சம்மதித்துவிட்டாயாம். "நீங்க அவசரப்பட வேண்டாம், மெதுவா காலி பண்ணுங்க" என்று அந்த அம்மாள் எனக்கு ஒரு ஜாம் பாட்டில் கொடுத்தாள். நல்ல மாதிரி மனிதர்கள்தான். வீடு மாறி வந்திருப்பார்கள், இந்த ஊரில் மூன்று மெக்லெல்லன் வீடு இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

யாகனுக்குப் பிறகு நிலமும் வீடும் உன் பெயருக்கு வந்தது நியாயம். நீ அவர் பெற்ற மகன். ஆனால் அவர் அடக்கத்தில் நடந்தது எனக்கு மறக்கவில்லை. பெட்டியைக் குழியில் இறக்க எட்டுக் கயிறு. தலைமாட்டுக் கயிறு மகனான உன் கையில். கால்மாட்டுக் கயிறு உன் சித்தப்பாவுக்குப் போக வேண்டியது. நீ அதை அவரிடமிருந்து கேட்டு வாங்கி என் கையில் கொடுத்தாய். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் நிற்க, "இவன் என் கோவல்தா. இந்த வீட்டுல அடுப்புப் புகையிற வரைக்கும் இவன் இங்க இருப்பான். அம்மாவுக்கு அப்புறமும் இருப்பான்" என்றாய். நான் கேட்காமலே சொன்னாய்.

அதனால் அந்தத் தம்பதி சொன்னதை நான் நம்பவில்லை. முயிமெயிடம் சொல்லவும் இல்லை. இல்லை என்று ஒரு வரி எழுது, போதும்.

கடவுள் உங்களைக் காப்பாராக.

உன் கோவல்தா,
பிரெண்டன்


ஓர்மனிஷ்
1974 ஜூன் 23

வான்கூவர்வாசி திரு. ரூரி மெக்லெல்லன் அவர்களுக்கு, தங்கள் வீட்டில் முன்பு தங்கவைக்கப்பட்டிருந்த பிரெண்டன் டெவ்லின் பணிவுடன் எழுதுவது. தங்கள் தாயார் நலம். தங்கள் பசுக்கள் நலம். தங்கள் கூரையில் மழை ஒழுகிய இடத்தை நான் தங்கள் அனுமதியில்லாமல் அடைத்துவிட்டேன், மன்னிக்கவும்.

இப்படி எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். எனக்கு இந்த மரியாதையெல்லாம் கை வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன், பிடிக்காவிட்டால் விட்டுவிடு.

உன் பதில் வந்தது. ஒரு வரி கேட்டேன், நீ ஒரு பக்கம் எழுதினாய். உன் படகு வேலை போனது, வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றாய். அது எனக்குப் புரிகிறது. அதை மட்டும் எழுதியிருந்தால் நானே வில்காக்ஸ் தம்பதிக்குத் தொழுவத்தைச் சுத்தம் செய்து கொடுத்திருப்பேன். ஆனால் நீ அதோடு நிறுத்தவில்லை. கிளாஸ்கோவிலிருந்து எனக்காகப் பணம் வந்தது, அதனால் நான் யாருக்கும் கடன்பட்டவனும் இல்லை, யாரும் எனக்குக் கடன்பட்டவரும் இல்லை என்றாய். படகிலிருந்து இறங்கின நாளிலேயே எனக்கு அந்த நிலத்தின்மேல் கண் என்றும் எழுதினாய். அன்று எனக்கு ஆறு வயது ரூரி. வாந்தி எடுத்துக்கொண்டு இறங்கினேன். நிலம் எது கடல் எது என்றே தெரியவில்லை.

கணக்குப் பேசுவது என்றால் நானும் பேசலாம். பணம் வந்தது எனக்குப் பதினைந்து வயது வரைக்கும்தான். அதற்குப் பிறகு முப்பத்துநாலு வருஷம் யார் கூலிக்கு யார் இருந்தோம் என்று நீயே சொல். நீ கப்பலுக்குப் போனாய், கனடாவில் கல்யாணம் செய்துகொண்டாய். யாகன் படுக்கையில் விழுந்தபோது அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியது நான். இதை நான் இதற்கு முன் எங்கும் சொன்னதில்லை. சொல்லவைத்துவிட்டாய்.

நில ஆணையத்திலிருந்து கால்டர் என்ற அதிகாரி விசாரணைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஊர் ஆண்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி நல்ல மனிதர், கோபப்படாதவர். நிலத்தை மாற்றிக்கொடுக்க அனுமதி கேட்டு நீ அனுப்பிய மனுவை வாசித்தார். "வீட்டில் என் தாயாரும் முன்பு தங்கவைக்கப்பட்ட ஒருவரும் தவிரக் குடும்பத்தார் யாரும் இல்லை." நான் சுவரில் இருந்த தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அது அவர்கள் செய்த பெரிய உதவி.

அதிகாரி என்னிடம், "நீங்க இந்தக் குடும்பத்துக்கு என்ன உறவு?" என்று கேட்டார். லாக்லன் பின்னாலிருந்து நம் மொழியில், "மகன்னு சொல்லித் தொலைடா. யாகனோட மகன். இங்க ஒருத்தனும் இல்லேன்னு வாயத் தொறக்க மாட்டான்" என்றான். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வீடு என்னிடம் நிற்கும் என்று லாக்லன் இன்றைக்கும் என்னைத் திட்டுகிறான். ஆனால் மகன் நீ. உன் இடத்தின்மேல் எனக்குக் கண் என்று நீ எழுதிய கடிதம் அப்போது என் பையில் இருந்தது. நான் கோவல்தா என்று சொன்னேன்.

அதற்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டார். ஒரு பெஞ்சிலிருந்து, "தம்பி மாதிரி" என்றார்கள். "தம்பிக்கு மேல" என்றார் தபால்கார நீல். "தம்பியோட பேச்சுவார்த்தை இல்லாம இருக்கலாம், கோவல்தாவோட அப்படி இருக்க முடியாது" என்றார் இன்னொருவர். லாக்லன் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எடின்பரோப் பெண் சொன்னதையெல்லாம், அந்த வேர், பழைய சட்டம், குலத்தலைவர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். பாதி தப்பு. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "மகன் இருக்கு, மருமகன் இருக்கு, பேரன் இருக்கு. நீங்க சொல்றது உண்மையாத்தான் இருக்கும், ஆனா எங்க சட்டத்துல அதுக்கு இடம் இல்லையே" என்றார். சொல்லும்போது அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

முடிவு இதுதான். முயிமெ உயிரோடு இருக்கும்வரை அவளை யாரும் அசைக்கக்கூடாது. அதற்குப் பிறகு உன் விருப்பம். என்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆக, இனி நான் இந்த வீட்டில் இருக்கும் நாள் முயிமெயின் மூச்சைக் கணக்குப் பார்க்கும் நாளாகிவிட்டது. இருமினால் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். எதற்காக ஓடினேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம் வருகிறது. எனக்கு இதைச் செய்துவிட்டாயே ரூரி.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி முயிமெ கேட்டாள். அவளுக்குக் கண் மங்கிப்போய் மூன்று வருஷமாகிறது. நான் கையில் தாளை வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் படித்தேன். அன்புள்ள அம்மா, உன் முழங்கால் எப்படி இருக்கிறது அம்மா, அடுத்த கோடையில் வருகிறேன் அம்மா. முயிமெ கொஞ்சம் கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள். "ரூரிக்கு இத்தனை அம்மா போட வராது. நீ எழுதினத நிறுத்திட்டு அவன் எழுதினதப் படி" என்றாள். நான் படிக்கவில்லை. அவளும் விடவில்லை. வில்காக்ஸ் தம்பதி, கூட்டம், மனு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அன்று மத்தியானம் கிழங்கு வடித்து வழக்கம்போல் மேசை நடுவில் கூடையில் கொட்டியிருந்தேன். இப்போதும் நாங்கள் தட்டு வைத்துக்கொள்வதில்லை, கூடையிலிருந்துதான் எடுத்துத் தின்கிறோம். கிழங்குச் சூடு ஆறும்வரை அவள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ரெண்டு பேருக்கும் ஒரே கூடையிலதான போட்டேன்" என்றாள். என்னிடம் கேட்டாளா, உன்னிடம் கேட்டாளா தெரியவில்லை.

அவளுக்கு நீயே ஒரு கடிதம் எழுது. அம்மா என்று ஒரு தடவை போட்டால் போதும். எனக்கு எழுத வேண்டாம்.

பிரெண்டன் டெவ்லின்


ஓர்மனிஷ்
1974 அக்டோபர் 27

ரூரிக்கு,

முயிமெ போன விவரம் தந்தியில் பார்த்திருப்பாய். தந்தியில் எழுத இடம் இல்லாததை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை கோழிக்குத் தீனி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. வலி இல்லை. முகம் யாரையோ கிண்டல் செய்யப்போகிற மாதிரிதான் இருந்தது. பாதிரியார் ஓடிவந்து தைலம் பூசினார்.

தபாலாபீஸிலிருந்து உன் வீட்டுக்குப் போன் போட்டேன். டோரீன்தான் எடுத்தாள். நீ பக்கத்தில் நிற்பது எனக்குத் தெரிந்தது. உன் இருமல் எனக்குத் தெரியாதா? "வர்றதுக்கு முயற்சி பண்றார்" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நம்பி, வெள்ளிக்கிழமை வைக்க வேண்டிய அடக்கத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளினோம். பாதிரியார் ஒத்துக்கொண்டார். ஊர் ஒரு நாள் கூடுதலாக வந்து ஜெபமாலை சொன்னது. வில்காக்ஸ் அம்மாளும் வந்து ஓரமாக உட்கார்ந்து, நம் மொழி புரியாமலே கடைசிவரை இருந்தாள்.

வெள்ளிக்கிழமை விமானத்துக்கு லாக்லனின் வேனில் போய் நின்றோம். லாக்லன், "வரட்டும், மண்ணு மூடற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். மூடினதுக்கப்புறம் மூஞ்சியிலயே ஒண்ணு விடுவேன், அதுக்கப்புறம் வீட்டுக்குக் கூட்டிப்போய் விஸ்கி ஊத்துவேன்" என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். விமானத்திலிருந்து மாட்டு டாக்டர் இறங்கினார். இரண்டு கன்னியாஸ்திரீகள் இறங்கினார்கள். பிறகு யாருக்கோ வந்த கோழிக்குஞ்சுப் பெட்டிகளை இறக்கினார்கள். கதவை மூடும்வரை நின்றோம். அந்தக் குஞ்சுகள் போட்ட கூச்சலில் லாக்லன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

சனிக்கிழமை காற்று குறைந்திருந்தது. பெட்டியைக் கடற்கரை மேட்டுக் கல்லறைக்குத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தோம். குழி ஓரத்தில் வைத்ததும் லாக்லன் கயிறுகளைப் பிரித்தான். பக்கத்துக்கு மூன்று, ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். கால்மாட்டுக் கயிறு என்னுடையது, நான் எடுத்துக்கொண்டேன். தலைமாட்டுக் கயிறு பெட்டிமேல் சுருண்டு கிடந்தது.

லாக்லன் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "கால்மாட்டுக் கயித்த நீல்கிட்ட குடு. உன் இடம் அங்க இல்ல. தலைமாட்டுக்கு வா" என்றான். பாதிரியார் தலையசைத்தார். அத்தனை பேரும் ஒதுங்கி வழிவிட்டு நின்றார்கள். ரூரி, எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று உனக்குச் சொல்ல முடியாது. நாற்பத்துமூன்று வருஷம் அவள் கையால் தின்றவன். அவள் தலையைக் குழியில் இறக்கிவைக்க எனக்கு இல்லாத உரிமையா என்று உள்ளே ஒருவன் கத்தினான்.

சின்ன வயதில் நீ படகுத் துடுப்பை உடைத்தால் நான் உடைத்தேன் என்பேன். நீ பூசைக்கு வராத நாளில் பாதிரியாரிடம் உனக்கு வயிற்றுவலி என்பேன். நீ மறந்த கிறிஸ்துமஸ்களில் முயிமெக்கு ஒரு சால்வை வாங்கி, ரூரி அனுப்பினான் என்று கொடுத்திருக்கிறேன். நீ விட்ட இடத்தையெல்லாம் நான் அடைத்துக்கொண்டே வந்தேன். இந்த ஒன்றையும் அடைத்திருந்தால் அந்தக் குழியோரத்தில் நீ இல்லாதது யாருக்கும் தெரிந்திருக்காது. எட்டுக் கயிறு, எட்டு ஆள், சரியாகப் போயிருக்கும்.

நான் மாட்டேன் என்றேன். "அது அவனுது. அவனுத நான் எடுக்கறதில்ல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். வேறு யாரும் அதைத் தொடவில்லை. ஏழு பேர் இறக்கினோம். தோள்பக்கம் பிடித்த இருவரும் முடிந்தமட்டும் தாங்கினார்கள், ஆனாலும் தலைப்பக்கம் தாழ்ந்துதான் போனது. இறங்கும் வழியெல்லாம் சரிந்துதான் போனாள். பெட்டி தரையில் உட்கார்ந்ததும் நாங்கள் எங்கள் கயிறுகளை உள்ளே போட்டோம். உன்னுடையதையும் நானே சுருட்டி அவள்மேல் வைத்தேன். உன் இடம் காலியாக இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

உன் மலர்வளையம் திங்கட்கிழமை கப்பலில் வந்தது. டைப் அடித்த அட்டை. கல்லறையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். பசுக்களைக் காற்றடிக்காத பக்கம் கட்டியிருக்கிறேன், கறுப்புப் பசுவுக்கு இடது காம்பு நோவு என்று வில்காக்ஸிடம் சொல்லியிருக்கிறேன். தொழுவத்தை ஒட்டிய அறையில் நான் இருந்துகொள்ளலாம் என்று அவர் மனைவி அழுதுகொண்டே சொன்னாள். நல்ல மனசு. ஆனால் என்னால் முடியாது. ஊர்க்கோடியில் லாக்லனுக்கு அவன் பெரியப்பா விட்டுப்போன பழைய வீடு இருக்கிறது, கூரையில் ஒழுகுகிற இடங்களை மட்டும் அடைக்க வேண்டும். நாளைக்கு அங்கே போகிறேன். சாவி கதவிலேயே இருக்கும். கூடை மேசைமேல் இருக்கிறது. நான் எதையும் எடுக்கவில்லை.

ஷீனா எடின்பரோவிலிருந்து எழுதியிருந்தாள். அந்த டேப்பைக் கேட்டு முடித்துவிட்டாளாம். கோவல்தா என்ற சொல் இன்றைக்கும் உயிரோடு வழங்குகிறது என்று எழுதப்போகிறாளாம், எழுதலாமா என்று கேட்டிருந்தாள். நான் இன்னும் பதில் போடவில்லை. ஒரு காலில் ஆணிச் சத்தத்தோடு என் பக்கத்தில் நடந்து வந்த பையனையும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவனையும் ஒரே ஆளாக வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

உனக்கு ஆண்டவர் நீண்ட ஆயுளைத் தரட்டும். வேலை கிடைக்கட்டும், கடன் தீரட்டும், டோரீன் நன்றாக இருக்கட்டும். என்றாவது ஒரு நாள் வரத்தான் செய்யும், அன்றைக்கு உன் தலைமாட்டுக் கயிற்றைப் பிடிக்க உன் பிள்ளை நிற்கட்டும். கால்மாட்டில் நிற்க உன்னோடு ஒரே கூடையில் தின்றவன் ஒருவன் வேண்டும். அந்த ஊரில் அப்படி ஆள் இல்லையென்றால் டோரீனை ஒரு தந்தி கொடுக்கச் சொல்லிவை. நான் வருவேன்.

எய்ரிக்கின் தல்தா,
பிரெண்டன்